லாத்தா சொன்ன வழி

பழைய ஜீப்பை வாங்குகிறவர்கள் எல்லாரும் பானட்டைத் தூக்கி எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். அது தப்பு. எங்கள் பக்கத்தில் ஓடிய வண்டி என்றால் முதலில் தரையில் படுத்து அடியைப் பார்க்க வேண்டும். கீழக்கரைக் காற்றில் இருக்கிற உப்பு மேல் பெயிண்டை விட்டுவிட்டு அடித்தகட்டைத்தான் தின்னும். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள், மேடம். எங்கள் முற்றத்தில் வருஷக்கணக்கில் ஒரு ஜீப் நின்றது. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

நீங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள். என் கணவர் வயதானவர், ஞாபகம் சரியில்லாதவர், வண்டியை எடுத்துக்கொண்டு போய் தனுஷ்கோடியில் கடலுக்குள் இறங்கிவிட்டார், விபத்து. ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் நாலு டயரிலும் காற்று ஏன் பாதிதான் இருந்தது என்று வாசலில் நின்று நீங்கள் கூட வந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பஞ்சர் இல்லை. அவரேதான் இறக்கிவிட்டிருக்கிறார். ஏன் இறக்கினார் என்று சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் சதக்கத்துல்லாவுக்கு ஓமானில் டிரைவர் வேலை. எண்ணெய்க் கம்பெனி ஆட்களைப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவர வேண்டும். ரோடே இல்லாத இடத்தில் மணலில் வண்டி ஓட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள். கல்யாணமான சூட்டோடு போனவர், அப்புறம் விருந்தாளி மாதிரி எப்போதாவது வருவார். பெட்டியைப் பிரித்து எல்லாருக்கும் சாமான் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். போனில் மட்டும் எப்போதும் ஒரே பேச்சுதான். ‘எல்லாத்தையும் முடிச்சுட்டு வாரேன் நஃபீசா. ஒரு ஜீப் வாங்குவோம். நீயும் நானும் காஷ்மீர் வரைக்கும் ரோட்டுலயே போவோம்’ என்பார்.

அந்த நஃபீசா நான்தான். சின்ன வயதில் அதைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்புறம் எரிச்சல் வந்தது. அதற்கும் அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம்பவே ஆரம்பித்துவிட்டேன். ஒருமுறை இராமநாதபுரம் போயிருந்தபோது யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். இந்த ஊர் வெயிலில் ஸ்வெட்டர் கேட்கிற பொம்பளையைக் கடைக்காரர் ஒருமாதிரிதான் பார்த்தார்.

வேலையை விட்டு வந்த பிறகு சொன்னபடியே ஜீப்பை வாங்கினார். அதைப் பயணத்துக்குத் தயார் செய்யத் திருப்புல்லாணியிலிருந்து பாண்டீஸ்வரன் என்கிற மெக்கானிக்கை வரவழைத்தார். இரண்டு பேருமாக அதைப் பாகம் பாகமாகக் கழற்றி முற்றத்தில் பரப்பினார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். அடியெல்லாம் கழிவு ஆயில் பூசினார்கள். மேலே கேரியர், பின்னால் டீசல் கேனுக்கு ஒரு சட்டம், மலையேற்றத்துக்கு வேறு பிரேக். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

மறதி வந்ததை முதலில் கவனித்தது பாண்டீஸ்வரன்தான். ஒரே நட்டை இறுக்குவார், கழற்றுவார், மறுபடி இறுக்குவார். ‘பாய்க்கு ஒடம்பு சரியில்லியோ அக்கா’ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். இது குணமாகிற நோய் இல்லை, கூடிக்கொண்டேதான் போகும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பத்திரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். வேறு எதுவும் அவர் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் சிவகங்கைப் பக்கம் என்றீர்கள். இங்கே வீடு பொம்பளைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த வீடு என் வாப்பா எனக்குக் கொடுத்தது. அதனால் அவருக்கு ஞாபகம் தப்பத் தப்ப, தான் இந்த வீட்டுக்காரன் இல்லை என்பது மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது. சாயங்காலம் அஸர் தொழுததும் சட்டையை மாட்டிக்கொண்டு ‘நேரமாச்சு, வீட்டுக்குப் போறேன்’ என்பார். அவர் உம்மா வீடு இப்போது அவர் தங்கை ஜுனைதாவுக்கு ஆகிவிட்டது. அவள் டீ கொடுத்து இங்கே திருப்பி அனுப்புவாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் அலுத்துவிட்டது. ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய்க் கொஞ்சகாலம் விட்டுவைக்கலாமே என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கட்டியவரைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வருகிற பொம்பளை நான் இல்லை. துபாயில் இருக்கிற என் மகள் யும்னாவைக் கேட்டுப் பாருங்கள், அவளும் இதையே சொல்வாள்.

ஒரு நாள் காலையில் நான் அடுப்படியிலிருந்து வந்தேன். அவர் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார். கண்ணைத் தரையில் வைத்திருந்தார். ‘லாத்தா, வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லியா?’ என்றார்.

எங்களில் அக்காவைத்தான் லாத்தா என்போம். தெரியாத வீட்டுப் பொம்பளையிடம் பேச வேண்டியிருந்தால் மரியாதையான ஆண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு நான் யாரோ ஆகிவிட்டேன். யாரோ ஒரு பொம்பளை தனியாக இருக்கிற வீட்டுக்குள் தான் இருக்கக் கூடாது என்று வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் இருப்பு, படுக்கை எல்லாம் முற்றத்து ஜீப்பில்தான். சோற்றுத் தட்டை நான் பானட் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்த பிறகுதான் எடுப்பார். திட்டினார், அடித்தார் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவரிடம் என்ன குறை சொல்வது? நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவர் லாத்தா என்று பதில் சொல்வார். கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. ‘இது நஃபீசா. இவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா லாத்தா?’ என்று கேட்டார். நான் போட்டோவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜீப்பில் வேலை நடந்தால் அமைதியாக இருப்பார். வேலை இல்லையென்றால் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் வேலை முடியாமல் பார்த்துக்கொண்டேன். அவர் தொழப் போகிற நேரத்தில் பேட்டரி வயரைத் தளர்த்திவிடுவேன், டீசல் குழாயின் கிளிப்பைக் கழற்றி வைப்பேன். பாண்டீஸ்வரன் வந்து பார்ப்பான், அவரும் கூடச் சேர்ந்து குனிந்து நிற்பார், ஒரு நாள் கழியும். என் கைக்கு அந்த வண்டியின் வயிறெல்லாம் பழக்கமானது அப்படித்தான். பாண்டீஸ்வரனுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது. ‘அக்கா, வண்டியில இனி கை வைக்க எடமில்ல. இமயமலைக்கே போகும். என்னைக் கூப்பிடாதீங்க. சாவிய மட்டும் ஒளிச்சு வைங்க’ என்றான். பாவம், என் மேல் கோபப்படக்கூட அவனுக்கு வரவில்லை. சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அவளிடம் பேச ஆரம்பித்தார். அவளிடம் என்றால் நஃபீசாவிடம். ஜீப்பில் இடது பக்கச் சீட்டு அவளுக்கு. தினமும் துண்டை நனைத்து அந்தச் சீட்டைத் துடைப்பார். தட்டில் மீன் வைத்தால் நடுத்துண்டை ஒதுக்கி அந்தப் பக்கம் வைப்பார். எனக்கு ஒரு நாளும் அப்படி எடுத்து வைத்தவர் இல்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்றால் பேச்சு கேட்கும். பிள்ளை பிறந்தபோது பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று அழுவார். உன் வாப்பா மௌத்துக்கு, அடக்கத்துக்குக்கூட வர லீவு கிடைக்கவில்லை, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்பார். எவ்வளவு அழகாகப் பேசினார் தெரியுமா? இதையெல்லாம் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். நான் ஜன்னலுக்குள் இருந்து கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. நோயாளி மேல் யாராவது கோபப்படுவார்களா?

அந்தக் காலையில் ஃபஜர் முடிந்து வந்தவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ‘லாத்தா, சாவி உங்ககிட்டயா இருக்கு? இன்னைக்குக் கெளம்பணும்’ என்றார். நான் போய் அரிசிக்குள் கையை விட்டு எடுத்து வந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். அலுப்பு, மேடம். ஒளித்து வைக்கவும் தேடிப் போகவும் என் உடம்பில் தெம்பு இல்லை. எத்தனை காலம் ஒருத்தி அதைச் செய்ய முடியும்?

சாவியைக் கொடுத்துவிட்டு, நானும் வரட்டுமா மச்சான் என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். வா என்றிருந்தால் போட்டது போட்டபடி ஏறியிருப்பேன். வண்டி மதுரை தாண்டுமா, திண்டுக்கல் தாண்டுமா, அதெல்லாம் எனக்குக் கவலை இல்லை.

அவர் இரண்டு அடி பின்னால் போனார். ‘தப்பா நெனைக்காதீங்க லாத்தா. அது நஃபீசா சீட்டு. போற வழியில அவள ஏத்திக்கணும்’ என்றார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பாண்டீஸ்வரனின் கைவேலையில் குறையே சொல்ல முடியாது. பிறகு தலையை வெளியே நீட்டி, காஷ்மீருக்கு எந்தப் பக்கம் போகணும் லாத்தா என்று கேட்டார்.

நான் வழி சொன்னேன். ‘இராமநாதபுரம் போயி வலது பக்கம் திரும்புங்க. கடல் மேல பெரிய பாலம் வரும். ஏறி எறங்கி நேராப் போய்க்கிட்டே இருங்க. ரோடு முடியுறதுக்கு முந்தியே மணல்ல எறங்கிருங்க. மணலுக்கு அங்கிட்டுதான் காஷ்மீரு.’

மணல் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. ‘மணலுன்னா டயர்ல காத்தக் குறைக்கணும்’ என்றார். பாலைவனத்தில் அப்படித்தான் செய்வார்களாம், இல்லாவிட்டால் டயர் புதைந்துவிடும். ஆமாம், குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதோடு விட்டிருந்தால்கூட அவர் தண்ணீரைப் பார்த்து நிறுத்தியிருப்பார். கடலோரத்தில் பிறந்தவர்தானே. ஆனால் ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டால் அவர் ஓமானில் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஓமானில் மத்தியான வெயிலில் மணல் பூராவும் தண்ணீராகத் தெரியும், அதை நம்பி பிரேக் போடுகிறவன் புதுசு, பழகினவன் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போவான் என்று அவரே போனில் சொல்லியிருக்கிறார். அதனால் நான் ஜீப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். ‘முன்னால தண்ணி மாதிரி தெரியும். கானல்தான். நிறுத்திராதீங்க.’

‘அது எனக்குத் தெரியாதா லாத்தா’ என்று சிரித்தார். சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

போன தடவை யும்னா வந்தபோது எல்லாரும் வேன் வைத்துத் தனுஷ்கோடி போனோம். ரோட்டை விட்டு இறங்கினால் மணல் எங்கே போய் முடிகிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்று எழுதிவிடாதீர்கள். பாம்பனைத் தாண்டுவதற்குள் பாண்டீஸ்வரனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், அவன் யாரையாவது பிடித்து வண்டியை நிறுத்தியிருப்பான். போன் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. நான் முற்றத்தைக் கூட்டினேன். ஜீப் நின்ற இடத்தில் ஆயில் சொட்டிய கறையில் மண் போட்டேன். மத்தியானத்துக்கு உலை வைத்தேன்.

வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்களாம், கையை ஆட்டினார்களாம். வண்டி வேகம் குறையாமல் நேராகப் போனது என்று சொன்னார்களாமே. நல்ல டிரைவர், மேடம். சொன்ன வழியை மாற்ற மாட்டார்.

அவர் கஷ்டப்படக் கூடாது என்றுதான் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் கஷ்டப்படவே இல்லையே. சந்தோஷமாகத்தான் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவள் நான், சோறாக்கிப் போட்டவள் நான், கூட்டிக்கொண்டு போவது மட்டும் அவளையா? அவருக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. அவளைப் போகவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

இந்தாருங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுவிடுகிறேன். வண்டிக்குள் அவர் ஒருவர்தான் இருந்தார் என்று சொல்கிறீர்கள். இடது பக்கச் சீட்டையும் நன்றாகப் பார்த்தார்களா, மேடம்?