ஊரோட ஒத்துப்போனவர்

அந்த நாற்காலி வேணாம் ஐயா, இதுல உக்காருங்க. அதுல கரையான் ஏறி ஒரு கால் வெறும் தோலாத்தான் நிக்குது. பாக்க நல்லாத்தான் இருக்கும், உக்காந்தாத்தான் தெரியும். இந்த ஊர்ல மரச்சாமான் எல்லாமே அப்படித்தான். பெட்டி அங்கயே இருக்கட்டும், நான் அப்புறமா உள்ள எடுத்து வைக்கிறேன்.

என்னது, தண்ணியா? ஆமா, குடிச்சார். நானும் பாத்தேன். கேக்காம கொள்ளாம குடத்துல மொண்டு குடிச்சிட்டுப் போறானேன்னு உங்களுக்கு இருக்கும். இருக்கட்டும் ஐயா. பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து இவ்ளோ பெரிய பெட்டியத் தலையில வெச்சிக்கிட்டு மேடேறி வந்தவர். தாகத்துல கேட்டுக்கிட்டா நிப்பார். நீங்களும் குடிங்க. காய்ச்சி ஆறவெச்ச தண்ணிதான், பயப்படாதீங்க.

எங்க வீட்டுக்காரர் வந்துடுவார் ஐயா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவார். உங்களப் பாக்காம இருப்பாரா? சட்டையைக் கழட்டிட்டு உக்காரணும்னா உக்காருங்க, இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. வேணாமா? சரி. அவரும் மொதல்ல இப்படித்தான் இருந்தார். முழுக்கை வெள்ளச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன், கால்ல ஷூ. ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவர் இல்லையா, இஸ்திரி மடிப்புக் கலைஞ்சா முகமே மாறிடும்.

அன்னைக்கு நீங்க சபை நடுவுல நின்னு கேட்டீங்களே, சம்பளம் கிடையாது, சொந்த விருப்பத்துல வெளியூர் ஊழியத்துக்கு யார் போறீங்கன்னு. ஞாபகம் இருக்கா? ஒருத்தரும் அசையல. எல்லாரும் குனிஞ்சு பாட்டுப் புஸ்தகத்தப் புரட்டிட்டு இருந்தாங்க. மொதல்ல போன கை இவரோடது. ரெண்டாவது கை என்னோடது. அதுல ஒரு சங்கதி இருக்கு, உங்களுக்குத் தெரியாது. நான் கையத் தூக்கல ஐயா. அவர் என் கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தார், அவர் கை மேல போனப்ப என்னோடதும் கூடவே போயிடுச்சு. அதுக்குள்ள எல்லாரும் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எங்கேர்ந்து எறக்குறது? சிரிங்க, பரவாயில்ல. இப்ப நானும்தான் சிரிக்கிறேன்.

நம்ம ஊர் குளிர்ல பொறந்து வளந்தவங்க நாங்க. கம்பளி இல்லாமத் தூங்குனதே கிடையாது. இங்க வந்து எறங்குனதும் யாரோ அடுப்புக்குள்ள புடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு. பழகப் பழகப் பாலும் புளிக்கும்பாங்க. இங்க பழகவே வேணாம், வாங்கிட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள புளிச்சிடும். மழை வந்தா குளிரும்னு பாத்தா அதுவும் இல்ல, வெந்நியில குளிச்ச மாதிரி. வேதப் புஸ்தகத்தோட தோல் அட்டையில பச்சையாப் பூஞ்சை பூத்து நின்னுச்சு, நான் அதப் பாத்துட்டு ஒப்பாரி வெச்சேன். எனக்கு முதுகு பூரா வேர்க்குரு. தெனமும் அழுவேன். அவர் அழல. அழுதிருந்தாலும் வேர்வையில தெரிஞ்சிருக்காது.

வந்த புதுசுல ஆராதனை எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு ஐயா. அதாவது, இவர் ஒழுங்கா நடத்துனார். கேக்கத்தான் ஆள் இல்ல. நம்ம ஊர்ல ஒம்பது மணின்னா இங்கயும் ஒம்பது மணி. இந்த ஊர் ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவாங்க. ஒம்பது மணிங்கிறது அவங்களுக்கு முதுகொடியிற நேரம். லாரியெல்லாம் அப்பதான் சந்தைக்குள்ள வந்து நிக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள மூட்டையெல்லாம் எறக்கணும். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். நான் சொல்லிப் பாத்தேன், நேரத்த மாத்துங்களேன், சாயந்தரம் வெச்சா வருவாங்கன்னு. கேக்கல. கர்த்தருக்குன்னு ஒதுக்குன நேரத்த லாரிக்காக மாத்துவாங்களான்னார். மணி அடிப்பார். நான் ஒருத்தி உக்காந்திருப்பேன். காலி பெஞ்சுக்கு முழுப் பிரசங்கமும் பண்ணுவார். இத்தனைக்கும் பாஷை அவருக்குச் சட்டுன்னு வந்துடுச்சு. எனக்குத்தான் இன்னும் கடைக்குப் போயிட்டு வர்ற அளவு.

நீங்கதான் வழியனுப்புறப்ப சொன்னீங்க. அவர் தலையில கையை வெச்சு, ஊரோட ஒத்துப்போ தம்பி, அவங்க உங்கிட்ட வர மாட்டாங்க, நீதான் போகணும்னு. ஆமா ஐயா, நீங்கதான் சொன்னீங்க. அவர் மறக்கல. ஒரு நாள் மணி அடிச்சிட்டு, கொஞ்ச நேரம் பாத்துட்டு, புஸ்தகத்தக் கக்கத்துல வெச்சிக்கிட்டுச் சந்தைக்கே போயிட்டார்.

அங்க ஒரு மேஸ்திரி இருக்கார், பெரிய மீசை, மீசைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவர் என்ன சொன்னாராம், நீங்க சொல்றத நாங்க கேக்குறோம், ஆனா இந்த லாரி காலியாகாம யாருக்கும் காது வேலை செய்யாது, ஒரு கை புடிங்க, அப்புறம் உக்காந்து கேக்குறோம்னாராம். சரின்னு புஸ்தகத்த ஒரு ஓரமா வெச்சிட்டு இவரும் ஒரு கை புடிச்சார். லாரி காலியாச்சு. காலியானதும் எல்லாரும் லாரி நெழல்லயே கவுந்து படுத்துத் தூங்கிட்டாங்க. யார் கேக்குறது? வீட்டுக்கு வந்தப்ப தோள்பட்டை தோலுரிஞ்சு இருந்துச்சு. எண்ணெய் தடவிவிட்டேன். நாளைக்குக் கேப்பாங்கன்னார். மறுநாளும் போனார்.

இருங்க, இருங்க. நீங்க என்ன கேக்கப்போறீங்கன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை ஜெபம் நடக்குது ஐயா. நடக்காம இல்ல. இப்ப சாயந்தரம் வெக்கிறோம், பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வர்றாங்க, பிள்ளைகளக் கூட்டிட்டு வர்றாங்க. யார் நடத்துறாங்கன்னா, நான்தான் நடத்துறேன். பாதி அவங்க பாஷை, பாதி நம்ம பாஷை. எனக்கு வார்த்தை கிடைக்காம முழிச்சா அவங்களே ஏதாவது ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க. அது சரியான வார்த்தையான்னுகூட எனக்குத் தெரியாது.

அவரும் வருவார். கடைசி பெஞ்சுல உக்காருவார். பாதியில தூங்கிடுவார்.

கோவப்படாதீங்க ஐயா. நான் கோவப்பட்டாச்சு, போதுமான அளவு. சண்டை போட்டிருக்கேன். மொதல்ல புஸ்தகத்தோட போனார். வேர்வையில நனையுதுன்னு புஸ்தகத்த வீட்லயே வெச்சிட்டுப் போனார். அப்புறம் ஷூ போச்சு. அப்புறம் சட்டை. இன்னிக்கு அவங்ககிட்ட என்ன சொன்னீங்கன்னு தெனமும் கேப்பேன், ஏதாவது ஒரு வசனம் சொன்னேன்னு சொல்லிட்டு இருந்தவர், ஒரு நாள் யோசிச்சிட்டு, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலன்னார். நாளைக்குன்னு கேட்டேன். நாளைக்கு ரெண்டு லாரி வருதுன்னார். நீங்க ஊழியத்துக்கு வந்தீங்களா, மூட்டை தூக்க வந்தீங்களான்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும், நல்லவேளை பாஷை புரியாது.

அவர் திருப்பிக் கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். கத்தல. எனக்கும் தெரியலம்மா, ஆனா இங்க வந்து மொத தடவையா யாரோ என்னை எதிர்பாக்குறாங்க, நான் போகலேன்னா லாரி காலியாக நேரமாகும், அவ்ளோதான் தெரியுதுன்னார். ஜெபம் பண்றீங்களான்னு கேட்டேன். தோணலன்னார். அதச் சொல்றப்ப முகத்துல ஒரு வருத்தம் இருக்கணுமே, இல்ல ஐயா. படுத்ததும் தூங்கிட்டார். இந்தப் புழுக்கத்துல, கொசுவலைக்குள்ள, குழந்தை மாதிரி. நான்தான் முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன்.

எனக்குப் பயமா இருக்கு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அங்க நம்ம சபையில இன்னைக்கும் எங்களுக்காக முழங்கால் போடுறாங்க. கை தூக்கிட்டுப் போனவங்க கையத் தொங்கப்போட்டுட்டு வந்தாங்கன்னு ஊர் சிரிக்கும். அது ஒரு பயம். அதவிடப் பெரிய பயம், நீங்க எங்கள திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டா அவர் என்ன ஆவார்னு. மறுபடியும் சட்டை மாட்டிக்கிட்டு அந்த ஆபீஸ்ல உக்காந்து... இல்ல ஐயா, அந்த மனுஷன் இப்ப இல்ல. குளிர் காத்து கனவுல வரும் எனக்கு. அதெல்லாம் உண்மைதான். ஆனா கெளம்புன்னு நீங்க சொன்னா எனக்குக் கால் எழும்புமான்னு தெரியல. அவர் கெட்டுப்போயிட்டாரா, இல்ல இதுக்குத்தான் வந்தாரா, நீங்க பெரியவங்க, நீங்கதான் சொல்லணும்.

எத? பெட்டியையா? இப்பவே தெறக்கணுமா? சரி, குடுங்க சாவிய.

அங்கியா? யாருக்கு ஐயா? அவருக்கா.

வர்ற ஞாயித்துக்கிழமை அவருக்குப் போதகர் பட்டமா.

அவருக்குத் தெரியாதுங்கய்யா. எனக்கும் தெரியாது. சும்மா பாத்துட்டுப் போக வர்றீங்கன்னுதான் நெனச்சோம். நல்ல துணி. வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. இந்த ஊர்ல இப்படி ஒரு வெள்ளையப் பாத்து ரொம்ப நாளாச்சு. கை வைக்கவே கூசுது. அளவு யார்கிட்ட கேட்டீங்க? பழைய சட்டை அளவா? அப்ப சரியா வராது ஐயா. இடுப்புல ரெண்டு பேர் நுழையலாம், தோள்ல புடிச்சுக்கும். தோள் ரொம்ப அகலமாயிடுச்சு அவருக்கு. இளைச்சுட்டார், கறுத்துட்டார், தாடி வேற. தலைக்குச் சும்மாடு வேணும்னு, இஸ்திரி போட்டுப் போட்டு வெச்சிருந்தோமே, அந்த வெள்ளச் சட்டையில ஒண்ணத்தான் கிழிச்சார். முழுக்கையா இருந்தா சுருட்டுறதுக்கு வாகா இருக்காம்.

ஐயா, ஒண்ணு கேக்குறேன். வழியில அந்தப் பெட்டி தூக்கிட்டு வந்தவர்கிட்ட ஏதாவது பேசுனீங்களா? ஒண்ணும் பேசலையா. அவரும் பேசலையா. பின்னாலயேதான் வந்தாரா.

என்ன சொன்னீங்க? கீழ போட்டுடாதப்பா, உள்ள ஆண்டவரோட அங்கி இருக்கு, இங்க இருக்குற ஊழியருக்குக் கொண்டுபோறேன்னா? தமிழ்லயா சொன்னீங்க? அவனுக்கு எங்க புரியப்போகுதுன்னு நீங்களா சொல்லிக்கிட்டு வந்தீங்க.

புரிஞ்சிருக்கும் ஐயா.

அதான் அவ்ளோ பதமா எறக்கி வெச்சாரா. மூட்டைய அப்படி வைக்க மாட்டார், தொப்புன்னு போடுவார். நான் அதப் பாத்துட்டுத்தான் என்னடா இதுன்னு நெனச்சேன்.

காலையில கெளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனார். நானே போய்க் கூட்டிட்டு வர்றேன், என்னை அடையாளம் கண்டுக்கிட்டார்னா வழியிலயே எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன், கண்டுக்கலேன்னா நீ சொல்லிடுன்னார். எனக்கு நம்பிக்கை இருந்துச்சு ஐயா. தலையில கை வெச்சு அனுப்புனவர், கண்டுக்காம இருப்பாரான்னு. வாசல்ல ஏறுனதும் அவர் எங்கம்மா, காணோமேன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிடுச்சு, நான்தான் சொல்லணும்னு.

நீங்க அப்படிக் கேட்டப்ப உங்களுக்குப் பின்னாலதான் ஐயா நின்னுட்டு இருந்தார். காலையில அவரே ரொப்பி வெச்சிட்டுப் போன குடம், அதுலேர்ந்துதான் தண்ணி குடிச்சிட்டு இருந்தார்.