மிதமான தீயில் காலியாக்கவும்

ஆகஸ்ட் 11, திங்கள். விடுமுறை.

இன்று என்னால் ஒரு சிறு பிழை நேர்ந்தது. மாலை வகுப்பில் சமையல் ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதிய வைன் கிரேவிக் குறிப்பை, எட்டுப் படிகளாக எண் போட்டு, அண்ணனுக்காகப் படி எடுத்தேன். என் நோட்டில் ஆறாவது படி, 'ஒரு பாட்டில் வைனை ஊற்றி, மிதமான தீயில், அவசரப்படாமல் காலாக்கவும்' என்று இருந்தது. கால்வாசியாகும்வரை வற்றவிட வேண்டும் என்று பொருள். படி எடுக்கும்போது அது எனக்கு நினைவில் வரவில்லை. ஓவனில் வேகப்போவது ஆட்டுத் தொடை. வைன் எப்படிக் காலாகும்? எழுத்து விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, 'காலியாக்கவும்' என்று திருத்திக் கொடுத்தேன். ஓர் எழுத்துதான் கூடியது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கையேட்டில் உள்ளபடிதான் திருகாணியைக்கூடத் திருப்புவான். மதுவைத் தொட்டதில்லை. அண்ணியின் அப்பா பெரிய ஹோட்டலில் முப்பது வருடம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். வைனைச் சட்டிக்கு ஊற்றுவாரே தவிர ஒரு சொட்டு குடித்தவரில்லை. மாப்பிள்ளை குடிப்பான் என்று யாரோ சொன்னதை நம்பி, கல்யாணமாகி மூன்று வருடமாக அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காதவர். இன்று ஒரு மணிக்கு முதல் முறையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. அவரை அழைத்துவர அண்ணி பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார்.

பன்னிரண்டே காலுக்கு அண்ணன் போன் செய்தான். அவன் பேசியதை எழுத எனக்குத் துணிவில்லை. அடுத்தவர் சொன்னதை எழுதி இன்று பட்டது போதும். நான் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

ஹலோ... ஆமா, நான்தான். சொல்லு... ஆமா, ஆமா, வீட்லதான் இருக்கேன். என்ன சத்தம் அது, பாடுறியா?... சரி, பாடல. சொல்லு.

முடிஞ்சுதா? எது முடிஞ்சுது?... ஆறாவது படியா. சரி... வெங்காயம் வதக்கியாச்சு... பிரிஞ்சி இலை போட்டாச்சு... மிளகு, சரி... வைன் ஊத்தியாச்சு. சரி, சரி. நல்லா வத்துச்சா?

... வத்தலயா? அப்புறம் எப்படிக் காலியாச்சு?

... என்னது?

... அண்ணா, திரும்பச் சொல்லு. மெதுவாச் சொல்லு. யாரு குடிச்சா?

... நீயா? எல்லாத்தையுமா?... வெங்காயத்தோடயா?

(இங்கே நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.)

எதுக்குண்ணா குடிச்ச?... நானா? நான் எங்க சொன்னேன்?... படி, பாப்போம்... ம்... ம்... 'அவசரப்படாமல்'... ம்...

... ஐயோ.

இல்ல, இல்ல. நீ சரியாத்தான் செஞ்சிருக்க... ஆமா, குறிப்புல இருக்கறபடிதான். ஆமா... சட்டியை இறக்காமலேயா? அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டா?... கரண்டியால. நாக்கு சுடலயா?... நீ அவசரப்படலன்னு எனக்குத் தெரியுதுண்ணா. எத்தனை கரண்டி?... நாப்பத்தொண்ணு. எண்ணாம இருப்பியா நீ.

இப்போ எப்படி இருக்கு?... தரை மேல போகுதா? எந்த மாடிக்கு?... அண்ணா, அது லிஃப்ட் இல்ல, சமையல்கட்டு. உக்காரு... ஸ்டூல்ல வேணாம், தரையிலயே உக்காரு... ஆமா, ஓவர்லோடுதான். அது நீ சொல்றது சரி.

கேளு. அது காலி இல்ல. கால். காலாக்கணும்... உன் கால் இல்ல... ஆட்டுக் காலும் இல்ல. கால்வாசி. நாலுல ஒரு பங்கு... சட்டியில நிக்கணும்ணா, உனக்குள்ள இல்ல... இல்ல, முக்கால்வாசி மட்டும் குடிச்சிருந்தாலும் சரியாகியிருக்காது. மிச்சம் ஆவியாப் போகணும்... நீ ஆவியாக வேணாம். வைன்.

அழாத. அண்ணா, அழாத... ஆமா, அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல. மூணு வருஷமா அண்ணி அவர்கிட்ட சத்தியம் பண்ணிப் பண்ணி... சரி, அதை நான் ஞாபகப்படுத்தல. அழாத.

ஒரு மணிக்குத்தானே வராங்க? நேரம் இருக்கு. ஒண்ணு, வாயைக் கொப்பளி. ரெண்டு, கிராம்பு மெல்லு. மூணு... இது எத்தனாவது படியா? இதெல்லாம் குறிப்புல இல்ல, நான் இப்போ சொல்றேன்... எழுதித் தரணுமா? வேணாம்ணா. நான் இனிமே உனக்கு எதையும் எழுதவே வேணாம்.

என்ன மணி அது? ஓவனா?... வாசல் மணியா? திறக்காத... யாரா இருந்தாலும் திறக்காத. அண்ணா? போனை எங்க வச்ச? ஹலோ? ஹலோ?

(போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். கதவுச் சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து, போனைக் கையில் எடுக்கும் சத்தம் கேட்டது.)

அப்பாடா. யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? அனுப்பிட்டியா? நல்லாக் கேட்டுக்கோ. மாமா வந்தா நீ வாயைத் திறக்கக் கூடாது. பல்வலின்னு சொல்லு... இல்ல, சொல்லாத, கன்னத்துல கையை வச்சுக்கோ. பாட்டிலைச் செருப்பு அலமாரியில ஒளிச்சிடு. அந்த மனுஷனுக்கு மூக்கு நாய் மாதிரின்னு அண்ணியே சொல்லியிருக்காங்க... ஏன் பேச மாட்டேங்கற? பல்வலியை இப்பவே ஆரம்பிச்சிட்டியா?

... யாரு?

... மாமாவா.

வணக்கம் மாமா.

... ஆமா, தங்கச்சிதான்... கேட்டீங்களா... முழுசாவா... நாய்ன்னா, நல்ல அர்த்தத்துலதான் மாமா.

... முந்தின பஸ்லயே வந்துட்டீங்களா. அண்ணி அங்க நிலையத்துல நிக்கிறாங்களே... சரி. சரி மாமா. அண்ணன் எங்க?... கன்னத்துல கையா? அதை எப்படிக் கேட்டான் அவன்.

மாமா, ஒரு நிமிஷம். போறதுன்னா போங்க, செருப்பை மாட்டிக்கிட்டே கேளுங்க. தப்பு என்னோடது. கால்னு எழுத வேண்டியதைக் காலின்னு எழுதிக் குடுத்துட்டேன். அவன் குடிச்சது குடிக்கறதுக்காக இல்ல, சமைக்கறதுக்காக... தெரியும் மாமா, கேக்க கிறுக்குத்தனமா இருக்கு. எனக்கும் சொல்ல அப்படித்தான் இருக்கு. அடுப்புக்கு மேல குறிப்பு ஒட்டியிருக்கும். அதை மட்டும் பாத்துட்டுப் போங்க.

...

... ஆமா மாமா, என் கையெழுத்துதான்.

... ஒவ்வொரு படிக்கும் டிக் போட்டிருக்கானா? ஆமா, வேலையிடத்துப் பழக்கம்... ஆறாவதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?... நேரமா? பதினொண்ணரையிலிருந்து பன்னிரண்டு பத்து வரைக்கும்... ம்... 'நாற்பத்தொரு கரண்டி'... ம்... 'சூடு அதிகம்'... ம்... 'உப்பு போதாது'வா.

... ஆமா மாமா, கொதிக்கறப்பவேதான். பிரிஞ்சி இலையோட... இல்ல, கிளாஸே எடுத்திருக்க மாட்டான், கவுத்தது கவுத்தபடி இருக்கும் பாருங்க... ஆமா...

மாமா? என்ன ஆச்சு? இருமறீங்களா?... சிரிக்கிறீங்களா?

... ஆமா... ஆமா மாமா. குடிக்கத் தெரிஞ்சவன் எவனும் இப்படிக் குடிக்க மாட்டான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். குடிச்சதுக்காக எத்தனை பேரை வேலையை விட்டு அனுப்பியிருப்பீங்க.

... செருப்பைக் கழட்டிட்டீங்களா? சரி மாமா. சரி, சரி.

கிரேவிக்கா? ஓவன் தட்டுல கறிச்சாறு இறங்கியிருக்கும். வைன்தான்... இன்னொரு பாட்டில் இருக்கா? எங்க?... ஓ, அது உதிரி. எதை வாங்கினாலும் உதிரி ஒண்ணு வாங்குவான். நீங்களே செய்யுங்க. அவன் கையில குடுக்காதீங்க, குறிப்பை முதல்ல இருந்து ஆரம்பிச்சிருவான்.

என்ன சத்தம்?... படுத்துட்டானா?... துண்டை எடுத்துப் போத்திக்கிட்டா? கூப்பிட்டா அசையலயா?... பயப்படாதீங்க. ஏழாவது படி என்னன்னு படிங்க... 'இறக்கி, மூடி, பத்து நிமிடம் அசையாமல் வைக்கவும்'. அதான் மாமா. பத்து நிமிஷத்துல எழுந்துருவான்.

... என்ன வாடை?... புகையா? மாமா, ஓவன். ஓவனைப் பாருங்க... கைத்துணி குழாய் பக்கத்துல தொங்கும்... ஆமா, தட்டை வெளியே இழுங்க... அண்ணனை இல்ல மாமா, தட்டை. ஹலோ?... ஹலோ?

இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு அண்ணி பேசினார். தொடையின் ஒரு பக்கம் கருகிவிட்டதாம். மறுபக்கத்தை மாமாவே அறுத்துப் பரிமாறினாராம். அண்ணன் நான்கு மணிக்குத்தான் எழுந்து சாப்பிட்டானாம். அதுவரை மாமா கிரேவியை மூன்று முறை சூடு செய்து வைத்திருந்தாராம்.

நாளை: காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய் அடிபிடித்த ஓவன் தட்டைத் தேய்க்க வேண்டும். மாமா அங்கேயே தங்கிவிட்டார். அவர் எட்டு மணிவரை தூங்குவாராம், அதற்கு முன்னால் மணி அடிக்கக் கூடாது.