டாக்டரின் பச்சைப் பட்டன்

மேஜைமேல் பந்தைத் தட்டுகிற பின்பால் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு முதலில் போவது இடுப்புதான் சார். குனிந்தபடியே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் என் மேஜையை வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் உயரமாகச் செய்தேன். வந்து ஆடியவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டியிருக்கிறார்கள். அடுத்தவர் உடம்பைப் பற்றி யோசிக்காத ஆள் இல்லை நான் என்பதற்காக இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

மேஜை என்றால் அசல் பின்பால் மேஜை இல்லை. அதை வாங்க நான் லிஃப்ட் ரிப்பேர்காரனாக இல்லாமல், லிஃப்ட் வைத்த கட்டடத்துக்குச் சொந்தக்காரனாக இருந்திருக்க வேண்டும். நீளமான மரப்பெட்டிக்குள் பெரிய டிவி ஒன்றை மல்லாக்கப் படுக்க வைத்து, அடியில் ஒரு கம்ப்யூட்டரைச் செருகியிருக்கிறேன். பந்து, மணி, விளக்கு எல்லாம் திரைக்குள். பக்கவாட்டுப் பட்டன்கள் மட்டும் நிஜம். அவற்றை அழுத்தினால் திரையின் அடியில் இரண்டு குட்டித் துடுப்புகள் எழும்பிப் பந்தைத் தட்டும். தட்டத் தவறினால் பந்து நடுவே இறங்கிப் போய்விடும். அந்தத் தட்டுக்காகத்தான் ஞாயிறுதோறும் என் வீட்டு முன்னறைக்கு ஆள் வரும்.

ஆள் என்றால் முக்கியமாக இரண்டு பேர். பல் டாக்டரும், கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் போட்டோகிராபரும். ஐம்பதைத் தொட்ட ஆண்கள் பழைய வீடியோ கேம் வில்லன்களுக்காக அடித்துக்கொள்வதை என் மனைவி கொஞ்ச காலம் வேடிக்கை பார்த்தாள். பிறகு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

இது ஆரம்பித்த ஞாயிறும் அப்படி ஒரு சண்டையில்தான் போய்க்கொண்டிருந்தது.

"சுரங்கத்துல கடைசியா வருவானே, சாவிக்கொத்து ராட்சசன், அவன்தான்டா வில்லன்" என்றான் போட்டோகிராபர். "அவனைப் பார்த்துட்டு நான் ஜுரம் வந்து படுத்திருக்கேன்."

"நீ பரீட்சைக்குப் பயந்து படுத்த. அவன் மேல பழி போடாத" என்றார் டாக்டர். "அவன் ரொம்ப ஒழுங்கானவன். அடிக்கிறதுக்கு முன்னாடி தோளை ஒரு தரம் குலுக்குவான். கவனிச்சா தப்பிச்சுக்கலாம். சொல்லாம அடிச்சா அதுக்குப் பேரு வில்லன் இல்ல, மெஷின் கோளாறு."

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு கருத்து சொன்னேன். "எதுவுமே செய்யாத வில்லன் ஒருத்தன் இருக்கலாம் டாக்டர். நம்மளைக் கொஞ்சம் மெதுவாக்குவான். அவ்வளவுதான்."

"டேய் லிஃப்டு, நீ வில்லனா வந்தா ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுவ. நாங்கதான் மணியடிச்சு ஆளைக் கூப்பிடணும்."

போட்டோகிராபர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தானே. அதுதான் காரணம் என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள். என்னை வைத்து நானே இதைவிட நல்ல ஜோக்குகள் சொல்லியிருக்கிறேன்.

சிரித்து முடித்த கையோடு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடியே டாக்டர் சொன்னார். கிளினிக்கை வேறொருவருக்குக் கைமாற்றப் போகிறாராம். மகள் படிக்கும் நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். "ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல வந்துடறேன்டா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத." வீடியோ காலில் யாரும் பின்பால் ஆட முடியாது. அவருக்கும் அது தெரியும்.

டிவிக்கு டிவி, பட்டனை அழுத்துவதற்கும் துடுப்பு எழும்புவதற்கும் இடையில் ஒரு சின்னத் தாமதம் இருக்கும். அதைச் சரிக்கட்டுவதற்கென்றே மென்பொருளில் ஒரு இடம் உண்டு. குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம். என் மேஜையில் ஆளுக்கொரு தொடக்கப் பட்டன் வைத்திருந்தேன். டாக்டருக்குப் பச்சை, போட்டோகிராபருக்கு மஞ்சள், எனக்கு மிச்சமிருந்தது. பச்சையை அழுத்தி ஆட்டத்தைத் தொடங்கினால் மட்டும் துடுப்புகள் ஒரு பொட்டு தாமதமாக எழும்பும்படி செய்தேன். கண்ணுக்குத் தெரியாது. கைக்கு மட்டும் தெரியும். தெரிந்தாலும் கை தன்னைத்தானே சந்தேகப்படுமே தவிர, மேஜையைச் சந்தேகப்படாது.

வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினேன். எடுத்த எடுப்பில் மூன்றாம் தளத்திலிருந்து தரைக்கு இறக்கினால் யாருக்கும் வயிற்றைப் பிசையும். லிஃப்ட்காரனுக்கு இது சொல்லித் தரவேண்டியதில்லை.

டாக்டர் முதலில் மூக்குக்கண்ணாடியை மாற்றினார். பிறகு காபியை விட்டார். போட்டோகிராபர் அதே மேஜையில் மஞ்சளை அழுத்திப் பிரமாதமாக ஆடுவான். டாக்டர் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி வருடங்களில் சட்டைப் பட்டனை இவர்தான் போட்டுவிடுவாராம். எப்போதோ என்னிடம் மட்டும் சொன்ன விஷயம். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்குவரை. அவரிடம்கூட நேரடியாக எடுத்ததில்லை. டீயை மட்டும் டம்ளரின் விளிம்புவரை ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். சிந்தினால் பார்க்காததுபோல் துணியை எடுத்து வைப்பேன்.

நரம்பு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனதே நான்தான். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போங்கள் என்றார் அந்த மனிதர். திரும்பி வரும் வழியில் டாக்டர் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு பாட்டுக்கூட முணுமுணுத்தார். சிக்னலில் நின்றபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அப்பாவுக்கும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்களா டாக்டர்?"

கேள்விதான் கேட்டேன். பாட்டு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. பயந்த கை நடுங்கத்தான் செய்யும். அந்தச் சமயத்தில்தான் கிளினிக்கில் பல் காட்ட வந்த ஒரு பெண்ணின் வாயில் கருவி வழுக்கி நாக்கைக் கிழித்தது. தையல் போட்டார்கள். இன்னும் அவளுக்கு 'ர' சரியாக வருவதில்லையாம். அவள் பெயரை ஒருமுறை கேட்டேன், மறந்துவிட்டது. அவள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. நான் அவளை நினைத்து எதையும் செய்யவில்லை.

டாக்டர் கிளினிக்கை மூடினார். ஆஸ்பத்திரிக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டார். அண்ணி, அவர் மனைவி, வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்றார். இளகிய மனசு எனக்கு. டாக்டர் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் என் கை தானாக நீளும். தினமும் போனேன். நடக்கக் கூட்டிப்போனேன். சாவிக்கொத்து ராட்சசனைப் பற்றி நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். நல்ல மாதங்கள் சார் அவை.

விடுமுறைக்கு மகள் வந்தாள். போன ஞாயிறு அப்பாவோடு என் வீட்டுக்கும் வந்தாள். அவர் மேஜைப் பக்கமே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதிக ஸ்கோர் எடுத்தவர்கள் வரிசையில் அப்பா பெயர் அடிமட்டத்துக்குப் போயிருப்பதைப் பார்த்தாள் அவள். அவர் பெயரிலேயே ஆடி மேலே ஏற்றிவிடலாம் என்று பச்சையை அழுத்தினாள். பாசக்காரப் பெண்.

நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது, மஞ்சளை ஒருமுறை, பச்சையை ஒருமுறை என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா" என்றாள். "அப்பா பட்டன்ல ஆடினா எனக்கும் நடுக்கம் வருதே, அது எப்படி?"

"பழைய கம்ப்யூட்டர்மா."

"பழைய கம்ப்யூட்டருக்கு அப்பாவை மட்டும் அடையாளம் தெரியுமா?"

போட்டோகிராபர் எழுந்து வந்தான். அவனும் பச்சையை அழுத்திப் பார்த்தான். பந்து அவன் துடுப்புகளுக்கு நடுவே சாவகாசமாக இறங்கிப் போனது. அவன் என்னைப் பார்த்தான். வேறொருவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"எடுடா அதை" என்றான்.

எடுத்தேன். அவர்கள் கண்முன்னாலேயே தாமதத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மகள் ஆடிப் பார்த்தாள். வெண்ணெயாக ஓடியது. ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"உங்க கைக்கு ஒண்ணுமே இல்லப்பா. எல்லாம் இவர் பண்ண வேலை. ஆடுங்கப்பா, பாருங்க."

அவர் ஆடினார். முதல் பந்து போனது. இரண்டாவதும் போனது. பட்டன்மேல் வைத்த விரல்கள் மரப்பெட்டியில் தாளம் போடுவதுபோல் தடதடத்தன. மகள் மறுபடி மறுபடி பச்சையை அழுத்திக்கொடுத்தாள். அவர் எல்லாப் பந்தையும் விட்டார். கடைசியில் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சித்தப்பாவைத் திட்டாதம்மா" என்றார். "அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சான்."

அவள் அழுதாள். போட்டோகிராபர்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

தாமதத்தை வைத்தது நான்தான். வேண்டுமென்றே வைத்தேன். அவர் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக வைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில், அவருக்கு வியாதி என்று நான் பொய்யாக நம்பவைத்தேன் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் ஒரு பந்தையாவது தட்டியிருக்க வேண்டும், இல்லையா சார்.