ஒரு சிட்டிகை மயில்துத்தம்

சாயங்காலத் தேநீரை எதிரில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்பது பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை. உலகத்தில் மற்றவர்கள் எதையெதையோ கேட்கிறார்கள். நான் கேட்டது ஒரு தம்ளர் தேநீர், கொஞ்சம் சாத்தூர் சேவு, கனகசபாபதி அண்ணாச்சியின் முகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னைப் பொல்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் செய்யது அபுதாஹிர். திருத்தங்கலில் சின்னதாக ஒரு பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அண்ணாச்சி சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு மொபெட்டில் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். தீபாவளி சீசனில் அவருக்கு லோடு ஏற்றுகிற அவசரம், எனக்கு டைரி ஆர்டர் அவசரம். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை. மழை வருமா, மிளகாய் என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசுவோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

2007-இல் அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் கூடியது. மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுத்தம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகள் ஹர்ஷினி ஒரு தொட்டியை வாங்கி அனுப்பிவிட்டாள். சாதாரணத் தொட்டி இல்லை. கடல் தொட்டி. பட்டாசு இறக்கிவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து திரும்பும் அவருடைய லாரி, கேன் கேனாக உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்தது. கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு கூடத்தில் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு இருந்தன. பூவைப் போல விரிந்து சுருங்கும் ஒரு பிராணி இருந்தது, அதைக் கடல் சாமந்தி என்பார்கள். பாறையில் பட்டன் பட்டனாகப் பவளம், கண்ணாடியில் ஊரும் நத்தைகள். பிறகு ஒரு சிவப்பு இறால். அந்த இறாலுக்கு ஒரு பழக்கம். அண்ணாச்சி தண்ணீருக்குள் கையை விட்டால் ஓடிவந்து ஏறி, அவர் நகக்கண்ணில் இருக்கும் அழுக்கை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துத் தின்னும். அதற்கு அவர் மேனேஜர் என்று பெயர் வைத்தார்.

"எங்க கம்பெனி மேனேஜருகூட என்னைய இம்புட்டு செக் பண்ணதில்ல பாய்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பு, மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்காத சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். பிறர் சந்தோஷத்தில் சந்தோஷப்பட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

ஆனால் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் தூசி போல. அப்புறம் பாறைமேல் பச்சை முடி போல. அண்ணாச்சி ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான் பார்த்தது அவர் முதுகை. அவர் பனியனில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"பாய், இருக்கீகளா?"

"இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி."

"பேசுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"நேத்து எங்க பட்டறைய யானை வந்து தூக்கிட்டுப் போயிருச்சு."

"அப்படியா, நல்லது நல்லது."

நான் கோபப்படவில்லை. அவருக்காக வருத்தப்பட்டேன். ஒரு மனிதர் பாசியால் இப்படிக் கஷ்டப்பட வேண்டுமா?

ஹர்ஷினி போனில் வழி சொல்லியிருந்தாள். "சாப்பாட்டக் குறைங்கப்பா. மிச்சம்தான் உரமாகிப் பாசியா வளருது. லைட்டையும் குறைங்க. கொஞ்ச நாள் பொறுங்க, தானாப் போயிரும்." அண்ணாச்சி தீனியைப் பாதியாக்கினார். எனக்கு அந்த மீன்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் பக்கத்தில் போனால் வாயைத் திறந்து திறந்து மூடும். மீன் எப்போதும் அப்படித்தான் செய்யும் என்று பிறகு சொன்னார்கள். வாயில்லா உயிருக்கு ஒரு வாய் கொடுப்பதில் என்ன குற்றம்? அண்ணாச்சி தேநீர் சொல்ல உள்ளே போகும்போது, தட்டிலிருந்து கொஞ்சம் சேவை நுணுக்கிப் போடுவேன். காரம் தெரியாமல் இருக்க ஊதிவிட்டுத்தான் போடுவேன். தண்ணீர்மேல் எண்ணெய் மினுங்கும், நல்ல வேளையாக அவர் கண்ணில் அது படவில்லை.

தீனியைக் குறைத்தும் பாசி ஏன் கூடுகிறது என்று அண்ணாச்சிக்கும் புரியவில்லை, ஹர்ஷினிக்கும் புரியவில்லை. அவர் இன்னும் அதிக நேரம் தேய்த்தார். தேநீர் ஆடை கட்டிப்போனது.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைண்டிங்குக்கு மைதாப் பசை காய்ச்சுவோம். காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம். செம்பு உப்புதான் அது, மயில் கழுத்து நிறத்தில், கற்கண்டு போல இருக்கும். போட்டால் பசையில் பூசணம் பிடிக்காது, பூச்சி அரிக்காது. கிணற்றில் பாசி கட்டினாலும் சிலர் இதையே போடுவார்கள். பசைக்கு நல்லது, கிணற்றுக்கு நல்லது, தொட்டிக்கு மட்டும் ஆகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. செய்கிற உதவியை விளம்பரப்படுத்தக் கூடாது.

ஒருநாள் அண்ணாச்சி உள்ளே போனபோது, காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்த பொடியை ஒரு சிட்டிகை போட்டேன். அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லித்தான் போட்டேன். இரண்டு மூன்று நாளில் பாசி வெளுத்தது. அண்ணாச்சி துள்ளாத குறை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சொல்லுங்க பாய், பட்டறையில என்ன சேதி?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது செய்தால் உடனே பலன் தெரியும் என்பதை அன்று நேரில் கண்டேன். அதனால் மறுநாள் இன்னொரு சிட்டிகை போட்டேன்.

நத்தைகள்தான் முதலில் விழுந்தன. கடல் சாமந்தி நனைந்த காகிதம் போலச் சுருங்கியது. கடைசியாக மேனேஜர். அண்ணாச்சி தண்ணீருக்குள் கையை நீட்டிவைத்துக்கொண்டே இருந்தார். இறால் அவர் விரலுக்குக் கீழே மல்லாந்து கிடந்தது. தண்ணீர் மட்டும் அவ்வளவு தெளிவு, உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

மதுரையிலிருந்து கடைக்காரர் வந்து தண்ணீரைச் சோதித்தார்.

"செம்பு கலந்திருக்குங்க. மீனு தாங்கிக்கும். இந்தச் சின்ன உயிருகளுக்கு விஷம். செம்பு சேந்த பொருளு எதுவும் இந்தப் பக்கம் புழங்குதா?"

அண்ணாச்சி தன் கையைப் பார்த்தார். நீல நிறத்தில் எரிய வேண்டுமானால் பட்டாசு மருந்தில் செம்பு சேர வேண்டும். அந்த வருஷம் நீல மத்தாப்புக்கு ஆர்டர் அதிகம். அவரே நின்று மருந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

"என் நகத்துல இருந்ததத்தான் அது தின்னுருக்கு" என்றார். "நானே ஊட்டிக் கொன்னுருக்கேன் பாய்."

நான் வாயைத் திறந்தேன். "டீ ஆறுது அண்ணாச்சி" என்றேன்.

அதன்பிறகு அவர் கை கழுவ ஆரம்பித்தார். சோப்பு, எலுமிச்சை, சோடா உப்பு. கம்பெனியிலிருந்து வந்ததும் ஒரு தடவை, சாப்பிடும் முன் ஒரு தடவை, சும்மா இருக்கும்போது ஒரு தடவை. பேரப்பிள்ளையை ஹர்ஷினி கூட்டிவந்தபோது தூக்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

என் மனைவி சபியாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். கணவன் மனைவிக்குள் ஒளிவு மறைவு கூடாது.

"என்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றாள் அவள். "அண்ணாச்சி கையப் பாத்தீகளா? தோலு உரிஞ்சு கெடக்கு. பேரப்பிள்ளையத் தூக்க மாட்டேங்காக. ஒரு வார்த்தை சொல்லிருங்க, அவுக நிம்மதியாயிருவாக."

"மனசு சங்கடப்படுவாரே."

"யாரு மனசு?"

சபியாவுக்குச் சில சமயம் இப்படிக் குதர்க்கமாகப் பேச வரும். நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு நண்பன் போய்விடுவான். ஏற்கெனவே மேனேஜரை இழந்தவர். அந்த வயதில் இரண்டாவது இழப்பை எப்படித் தாங்குவார்? அதனால் சொல்லவில்லை. அதற்குப் பதில் உரிந்த கைக்குத் தடவ நல்லெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே தடவியும் விட்டேன்.

தடவிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைக் கேட்டார்.

"தொட்டிய நீங்க கொண்டுபோயிருங்க பாய். பழைய கல்லு மண்ணு எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா வைப்போம். என் கை மருந்துக் கை. உங்க கை அஞ்சு வேளையும் கழுவுற கை. உங்க கையில அதுக பிழைச்சுக்கும்."

இப்போது தொட்டி என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. புதுப் பாறை, புதுத் தண்ணீர், பழைய மீன்கள் இரண்டு. ஹர்ஷினி புதிதாக ஒரு சிவப்பு இறாலும் அனுப்பியிருக்கிறாள். அண்ணாச்சி தினமும் சாயங்காலம் காரில் வருகிறார். தொட்டியை விட்டுத் தள்ளி, கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு எதிரில் உட்காருகிறார். சபியா தேநீர் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். எதிரில் முகம் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, இந்த வாரம் வரைக்கும்.

நேற்று பேச்சை நடுவில் விட்டுவிட்டு அவர் எழுந்தார்.

"பாய், அங்கன பாருங்க. பச்சையாத் தெரியுதே, பாசிதானே?"

வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. தொட்டி வரைக்கும் போனார். கையைத் தூக்கினார். கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. இறால் அந்தப் பக்கமிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு அவர் விரலுக்கு நேராக வந்து காத்திருந்தது. அவர் கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க தேயிங்க பாய். நான் இங்கன உக்காந்து பாத்துக்கிடுதேன்."

நாற்காலியை இழுத்துத் தொட்டிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் பேசிய எதற்கும், "நல்லது நல்லது" என்றார்.

பாவம், அந்தப் பாசி அவரை எப்படி ஆட்டிவைக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் மனம் கேட்கவில்லை. நாளைக்குப் பட்டறையில் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை தனியாக எடுத்து வைக்க வேண்டும்.