பாலோடு கொடுத்த மாத்திரை

பால் பொங்குவதற்குச் சற்று முன்பே அடுப்பைத் தணித்துவிட வேண்டும். அப்போதுதான் ஏடு தடிமனாகக் கட்டும். என் மனைவி தாட்சாயிணிக்கு ஏடு என்றால் உயிர்.

அவளுக்கு முதல் தடவை வேலை செய்த மாத்திரை, இரண்டாம் தடவை ஏன் வேலை செய்யவில்லை, அவள் ஏன் இறந்தாள் என்று கேட்டீர்கள், டாக்டரம்மா. சொல்கிறேன். ஆவடியில் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன் நான். எது எப்படி ஓடுகிறது என்று விளக்குவது எனக்குப் பிடிக்கும்.

பாலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அந்த மாத்திரையின் மருந்து வயிற்றில் அதனோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்தில் சேராது. வீணாக வெளியே போகும். மிச்சம் சேர்கிற கொஞ்ச மருந்து, பலமில்லாத கிருமிகளை மட்டும் கொல்லும். தப்பியவை பெருகும். அப்புறம் அந்த மருந்துக்கு அவை மசிவதில்லை. கள்ளிக்குப்பம் மருந்துக்கடைத் தமிழரசு அன்றே சொன்னார்: "நைனா, பாலு கூட மட்டும் குட்த்துடாத. வேஸ்ட்டாப் பூடும்." அவர்மேல் தவறில்லை.

உங்கள்மேலும் இல்லை. வேறு எந்த மாத்திரைக்கும் அந்தக் கிருமி அடங்காது, ஊசி மருந்தை அவள் சிறுநீரகம் தாங்காது, இது ஒன்றுதான் வழி என்று தெளிவாகவே சொன்னீர்கள்.

எங்கள் மகன் வினோத், வானகரம் பைபாஸில் லாரி மோதி இறந்தான். அதிலிருந்து தாட்சாயிணி சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சல் ஏறியபோதுதான் வாய் திறந்தாள். "வினோத்து, வந்துட்டியா எரும? சோறு துன்னியா? வண்டிய உள்ள ஏத்துடா, மழ வருது." அப்போது சிரித்தாள்; அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. காய்ச்சலில் புத்தி தடுமாறுகிறது என்று நீங்கள் விளக்கினீர்கள்.

மாத்திரை வேலை செய்தது. தெளிந்து எழுந்தவள், வாசலில் போய் வண்டியைத் தேடினாள். பிறகு ஞாபகம் வந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. மகனை மறுபடியும் பறிகொடுத்த முகம் அது.

காய்ச்சல் திரும்பியபோது பால் காய்ச்சினேன். அவள் நிம்மதிக்காக.

ஒரு மதியம் காய்ச்சல் தானாகவே கொஞ்சம் இறங்கியது. என் கையைப் பிடித்தாள். "வினோத் இல்லன்னு தெரியும் மாமா. நீ கீறியே, போதும். பாலு வாணாம், மாத்திரைய மொத தபா மாதிரி தண்ணியில குடு. பொழைச்சிக்கிறேன்."

பேச்சு தெளிவாக இருந்தது. அதில் வினோத் உயிரோடு இல்லை. வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. நான் டம்ளரில் பாலை ஆற்றி, அவள் தலையைத் தாங்கி, மாத்திரையை அதோடுதான் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஆனால் குடித்துவிட்டாள், மறுக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

காய்ச்சல் மறுபடி ஏறியது. எல்லாம் அவளுக்காகத்தான், டாக்டரம்மா. "வினோத்து" என்று கூப்பிட்டாள்.

"வந்துட்டேம்மா" என்றேன்.