ஆறாவது வரி

இல்லக்கா, உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. கதையா கேளுங்களேன். ஒரே ஒரு மூஞ்சில ரெண்டே ரெண்டு கண்ணு இருந்துச்சாம். வலது கண்ணு உழைப்பாளி, இடது கண்ணு படு சோம்பேறி. யார் மூஞ்சியா? என்னோடதுதான். வயசு பதினஞ்சு. ஆமா, சின்னதுலயே பாத்திருக்கணும். நீங்களும் சொல்லிட்டீங்களா, சரி.

ஆறு மாசமா வைத்தியம். காலையில அப்பா கையால மாத்திரை. சாயங்காலம் நல்ல கண்ணை ஒட்டி மூடிட்டு, சோம்பேறியை வச்சு கம்ப்யூட்டர்ல புள்ளி பிடிக்கிற பயிற்சி. பக்கத்துல அம்மா காவல். ரெண்டும் சேந்தாதான் பலன்னாரு டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் சேந்துரும். அதைக் குடுக்கிற ரெண்டு பேரு எங்க சேர்றது?

முதல் மாசம் ஒரு வரியும் ஏறல. டாக்டர் ரூம் எழுத்து போர்டுல மேல மூணு வரிதான் தெரியும், கீழ எல்லாம் எறும்பு. மாத்திரை வீண்னு அம்மா, பயிற்சி வீண்னு அப்பா, வீட்ல மூணு நாள் சண்டை. அதுக்கப்புறம் மாசம் ஒரு வரி ஏறுச்சு. பாத்தியா மாத்திரையைன்னு அப்பா மீசையைத் தடவுவாரு. நான் உக்காரலேன்னா கிழிச்சிருக்கும்னு அம்மா. எனக்குச் சிரிப்பா வரும். இந்த பெஞ்சுல உக்காந்தா உள்ள படிக்கிறவங்க சத்தம் அப்படியே கேக்கும்க்கா. பத்து பேர் படிச்சா மனப்பாடம் ஆகாதா?

முறைக்காதீங்க.

இன்னைக்கு டாக்டர் போர்டை மாத்திட்டாரு. மேல மூணு வரி பழசேதான், அதைப் படிச்சுட்டு மிச்சத்தைப் பழையபடி கடகடன்னு ஒப்பிச்சேன். பேனாவை மூடினாரு. ஆறு மாசமும் இதானாம்மான்னாரு, அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திடலாம், பயிற்சியையும் நிறுத்திடலாம், வயசு தாண்டிடுச்சுன்னு எழுதிட்டாரு. அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா ஒண்ணா சேந்து திட்டினாங்க, என்னை. வைத்தியம் அங்க நல்லா வேலை செஞ்சிருக்கு.

அதோ, ஃபைலை வாங்கிட்டு வான்னு சொல்லிட்டுப் படியிறங்குறாங்க.

அழலக்கா, ஒட்டின பசை எரியுது. ஒண்ணு மட்டும் உள்ள சொல்லல. ஆறாவது வரியில நான் ஒப்பிச்சது ட. அங்க ட இல்ல, ம இருந்துச்சு. அதுக்கப்புறம் ப, அப்புறம் ய. நல்ல கண்ணு மூடித்தான் இருந்துச்சு. வாய் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, கண்ணு தனியா படிக்குது. வாயை நிறுத்தத் தெரியல எனக்கு.

உங்க டோக்கனைக் கொஞ்சம் குடுங்க, டாக்டர்கிட்ட இன்னொரு தடவை போயிட்டு வந்துடறேன். வெளிய கேக்காம மெதுவாத்தான் படிப்பேன். இல்லேன்னா நீங்களும் மனப்பாடம் பண்ணிடுவீங்க.