சந்தனம் பூசிய லேப்டாப்

– இந்த டிஸ்கைக் கழட்டி அந்தக் கறுப்பு லேப்டாப்புல மாட்டிடு ராஜவேலு. மாப்பிள்ளைக்கு வித்தியாசமே தெரியப்படாது.

– கறுப்பா இருந்தா ஒண்ணாயிடுமா சாமி? நானும் நீங்களும்கூடத்தான் கறுப்பு. மலைமேல நான் வந்து புளியோதரை கிளறினா வுடுவாங்களா?

– வம்பு பேசாதே. மாட்டினா ஓடுமா, ஓடாதா?

– டிஸ்கு உள்ள போவும். ஆனா அது வேற மாடல். இதுல இருக்கிற விண்டோஸ் அங்க போனதும், ஒண்ணும் பழகின எடமா இல்லியேன்னு மெரண்டு, நீலமா ஒரு ஸ்கிரீனைப் போட்டுட்டு நின்னுடும். ஆங், கீபோர்டு சந்துல இன்னா மஞ்சளா?

– தூசியா இருக்கும்.

– தூசி மணக்குதே சாமி.

– சந்தனம்தான். நேத்திக்கு ஆயுத பூஜை. மடப்பள்ளிக் கரண்டி, அரிவாமணை எல்லாத்துக்கும் தெளிச்சேன். சோறு போடற கருவியாச்சேன்னு இதுக்கும் தெளிச்சேன். கை நழுவிடுத்து.

– எவ்ளோ?

– பஞ்சபாத்திரத்தோட.

– முருகனுக்குக்கூட இவ்ளோ தாராளமா பண்ணமாட்டீங்களே.

– சிரிக்காதேடா. வெளியில சொல்லவே வெட்கமா இருக்கு. என் பொண்ணு பத்மப்ரியா, காபியைக் கொட்டினது தான்தான்னு எனக்காகப் பழியை ஏத்துண்டா. கம்பெனி லேப்டாப்பாச்சேன்னு மாப்பிள்ளை அவளைப் பிடிபிடின்னு பிடிச்சார். நான் பக்கத்துல வாயை மூடிண்டு நின்னேன். நாளைக்குக் காலம்பற இதைத் தூக்கிண்டு அவர் மெட்ராஸ் ட்ரெயின் ஏறணும்.

– இருங்க, அடிமூடியைக் கழட்டிப் பாக்கிறேன்... ஐயையோ.

– என்ன, எரிஞ்சுடுத்தா?

– டிஸ்கு மேல சிவப்புப் பொட்டு தெரியுதா?

– அது நான் வெச்ச குங்குமம் இல்லியே.

– நெயில் பாலிஷ் சாமி. என் கடைச் சரக்குக்கு நான் வெக்கிற அடையாளம்.

– கம்பெனி குடுத்த லேப்டாப்புல உன் பொட்டு எப்படி வந்தது?

– ஒண்ணுமில்லீங்க. தொடைச்சுக் குடுத்துடறேன்.

– ராஜவேலு.

– உங்க மாப்பிள்ளை மலையைக் காட்டி சத்தியம் வாங்கினாரு சாமி, சொல்லவே கூடாதுன்னு. வேற மாடல் டிஸ்கைக் கழட்டி, விண்டோஸ் புதுசா போட்டு இதுல மாட்டினதே நான்தான். ஆடிக் கிருத்திகை சமயத்துல கிரிதர் சார் இந்தப் பழைய லேப்டாப்பை என் கடையிலதான் வாங்கினு போனாரு.

– எதுக்கு?

– அமெரிக்காவுல ஏதோ பேங்க் கவுந்துச்சாம். இங்க இவரு வேலை போயிடுச்சு, கம்பெனி லேப்டாப்பையும் வாங்கிக்கினாங்க. தோள்ல பை இல்லாம கெளம்பினா வீட்ல கேப்பாங்களே. தெனம் மெட்ராஸ் போகாம வழியில மணவூர்ல எறங்கி, ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்துகினு வேலைக்கு எழுதிப் போட்டுகினு இருக்காரு.

– அதுல கை வெக்காதே ராஜவேலு.

– சாமி? ரிப்பேர் பண்ணிடலாம். கூலிகூட வேணாம்.

– பண்ணாதே. அப்படியே மூடிக் குடு. நான்தான் சந்தனத்தைக் கொட்டினேன்னு இப்பவே போய்ச் சொல்லிடறேன். லேப்டாப் இல்லாம ஆபீஸ் போக முடியாதுன்னு, மாப்பிள்ளையும் கொஞ்ச நாள் ஆத்துல மரியாதையா உக்காந்திருக்கட்டும்.